விளக்கின் மேல் போட்ட பழி

ஜம்புநாதனைப் பழி வாங்க எனக்கு ஒரு வருஷமும் பதினெட்டு நாளும் பிடித்தது. அதற்காக நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. வேலைக்குப் போனேன், சமைத்தேன், பையன் சபரியை ஆஸ்டினில் காலேஜில் கொண்டுபோய் விட்டேன். ஆனால் பல் தேய்க்கும்போதும் சரி, ஃப்ரீவேயில் டிராஃபிக்கில் நிற்கும்போதும் சரி, அந்த ஆளை மனசுக்குள் நிற்க வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். என் பேர் சாந்தாமணி. பேரில் மட்டும்தான் சாந்தம் என்று என்னைப் பெற்றவளே சொல்வாள். சொல்லட்டும், பொய்யில்லை.

எனக்கு ஜம்புநாதனிடமிருந்து வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். "தீ சாந்தாமணி ஏற்றிய விளக்கால் பிடிக்கவில்லை." இதை அவர் தன் வாயால், மைக்கில், ஹூஸ்டனை ஒட்டிய எங்கள் பேர்லேண்ட் தமிழ்க் குழு அத்தனை பேர் முன்னாலும் சொல்ல வேண்டும். மன்னிப்புகூட வேண்டாம். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஹூஸ்டனில் ஓர் எண்ணெய்க் கம்பெனியில் சேஃப்டி இன்ஜினியர். எங்கள் குழுவுக்கு ஆறு வருஷமாகத் தலைவர். எண்ணெய்க் கம்பெனிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த மீட்டிங்காக இருந்தாலும் முதல் ஐந்து நிமிஷம் யாராவது எழுந்து பாதுகாப்பைப் பற்றி ஒரு விஷயம் சொல்வார்கள். அதற்கு 'சேஃப்டி மொமெண்ட்' என்று பெயர். ஆபீஸோடு அதை விட்டாரா இந்த மனுஷன்? பொங்கல் விழாவா, சேஃப்டி மொமெண்ட். வளைகாப்பா, அதற்கும் சேஃப்டி மொமெண்ட். ஏணியில் எப்படி ஏறுவது, குக்கர் வெயிட்டை எப்படிக் கழற்றுவது என்று ஸ்லைடு போட்டுச் சொல்லி முடித்த பிறகுதான் எங்களுக்குச் சோறு.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கார்த்திகை தீபம், தேங்க்ஸ்கிவிங் லீவு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. எல்லோருக்கும் லீவு, கூட ஒரு நாள் சேர்த்துப் போட்டால் நாலு நாள். பேர்லேண்டிலிருந்து இரண்டரை மணி நேரத்தில் ஓர் ஏரிக்கரைக் கேம்ப்கிரவுண்டில் அஞ்சு ஆர்.வி. டிரெய்லர் வாடகைக்கு எடுத்தோம். உள்ளேயே படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் இருக்கும் வண்டிகள். மொத்தம் முப்பத்தோரு பேர். வண்டி நிறுத்த நம்பர் போட்டுப் பிரித்த இடங்களில், சைட் பதினாலு ஜம்புநாதன் குடும்பம். பக்கத்தில் பதினைந்து நாங்கள்.

ஏரிக்கரைக்குப் போனாலும் எங்கள் ஆட்கள் பிரெட்டைத் தின்றுவிட்டு இருப்பார்களா? குழுவின் பொது கிரைண்டரும் கூடவே வந்தது. கோயம்புத்தூரிலிருந்து கப்பலில் வரவழைத்த கிரைண்டர் அது. இங்கே வீட்டில் வரும் கரண்ட் அதற்குப் பற்றாது. நடுவில் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் என்று ஓர் இரும்புப் பெட்டியை மாட்டினால்தான் கல் சுற்றும். தலைவர் என்பதால் கிரைண்டரும் பெட்டியும் ஜம்புநாதன் வீட்டு கராஜில் இருக்கும். சனிக்கிழமை காலையில் அதை மர மேஜையில் வைத்து ஓட விட்டார்கள். எதிர் சைட்டிலிருந்த வெள்ளைக்காரர் தொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து, இது என்ன சத்தம், நான் மீன் பிடிக்க வந்தேன் என்றார். பின்னாலேயே பார்க் ரேஞ்சர் வந்து, இனிமேல் மெஷின் சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறு சாயங்காலம் நான் எங்கள் சைட் மேஜையில் அலுமினிய டிரேக்களில் மணலைக் கொட்டி, அதில் இருபத்தேழு அகல் வைத்தேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் வைத்தேன். பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீரும் வைத்தேன். மருந்துக் கம்பெனியில் குவாலிட்டி ஆடிட்டராக இருபது வருஷம் குப்பை கொட்டியவள் நான். சேஃப்டி என்று ஒருத்தர் எனக்கு ஸ்லைடு போட வேண்டியதில்லை. ஐந்தரை மணிக்கு விளக்கு ஏற்றினோம். எல்லோரும் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள். ஏரியில் படகு விட்டுக்கொண்டிருந்த ஜம்புநாதனும் அப்போதுதான் வந்து சேர்ந்தார்.

சைட் பதினாலில் ஸ்மோக் அலாரம் கத்தியது. ஒருத்தரும் திரும்பவில்லை. மூன்று நாளாகக் கடுகு தாளித்தால் கத்தும், மிளகாய் கிள்ளிப் போட்டால் கத்தும். "மாமி வடைக்கு எண்ணெய் வெச்சுட்டாங்க போல" என்று யாரோ சொன்னார்கள், சிரித்தோம். ஆனால் ஜம்புநாதனின் மனைவி அபயாம்பாள் மாமி என் பக்கத்திலேயே கையில் கற்பூரத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். மாமி இங்கே நின்றால் அங்கே யார் தாளிப்பது என்று எனக்குத் தோன்றித் திரும்பியபோது டிரெய்லர் கூரையின் வென்ட் வழியாகச் சாம்பல் நிறத்தில் புகை வந்துகொண்டிருந்தது.

அந்த வண்டிகளில் எல்லாம் பிளைவுட்டும் ஃபோமும்தான். நான் கரண்ட் கம்பத்துக்கு ஓடி பிரேக்கரைக் கீழே தள்ளினேன். பிறகு டிரெய்லரின் முன்னால் போய் கேஸ் சிலிண்டர் இரண்டையும் மூடினேன். வாடகைக் கம்பெனி ஆள் இதையெல்லாம் காட்டியபோது நான் ஒருத்திதான் காது கொடுத்துக் கேட்டேன். அதற்குள் சமையல் பக்கத்து ஜன்னல் வெடித்தது. சத்தம் போடாதே என்று சொன்ன அதே வெள்ளைக்காரர்தான் தீயணைக்கும் சிலிண்டரோடு முதலில் ஓடி வந்தார்.

ஜம்புநாதன் என்ன செய்தார் தெரியுமா? பாத்ரூம் கட்டடத்துக்கு முன்னால் நின்று, "மஸ்டர் பாயிண்ட், மஸ்டர் பாயிண்ட், எல்லாரும் இங்க வாங்கோ" என்று கூப்பிட்டுத் தலையை எண்ண ஆரம்பித்தார். முப்பது வந்தது. இரண்டாவது தடவையும் முப்பது. மூன்றாவது தடவை எண்ணுவதற்குக் கையைத் தூக்கியபோதுதான் மாமி, "தீக்ஷா எங்கே" என்றாள்.

தீக்ஷா அவர்களுடைய பெண், அப்போது பதினாறு வயது. காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு டிரெய்லரின் பின் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மாமி சொல்லி முடிக்கவில்லை, என் வீட்டுக்காரர் ஓடிவிட்டார். வெங்கடாசலம் என்று பேர், டேட்டாபேஸ் வேலை. பஸ்ஸுக்குக்கூட ஓடாத மனுஷர். இருக்கிற ஒரே கதவு வழியாகப் புகைக்குள் புகுந்தார். நான் அவர் பேரைச் சொல்லிக் கத்தினேனாம், எனக்கு ஞாபகமில்லை. பின்பக்கத்து எமர்ஜென்சி ஜன்னலுக்குச் சிவப்புப் பிடி உண்டு. அந்தப் பிடி கொதித்துப் போயிருந்திருக்கிறது. அதை வெறுங்கையால் திருப்பி, உருகி வழிந்துகொண்டிருந்த திரையைக் கையாலேயே கிழித்து, ஜன்னலை உதைத்துத் தள்ளி, அந்தப் பெண்ணை வெளியே கொடுத்தார். வெள்ளைக்காரர் வாங்கினார். பிறகு இவரையும் தோளைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். கையைப் பார்த்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

பக்கத்து ஊர் வாலண்டியர் தீயணைப்புக்காரர்கள் பதினேழு நிமிஷத்தில் வந்தார்கள். அங்கே தண்ணீர்க் குழாய் கிடையாது என்று டேங்கர் லாரியும் கொண்டு வந்தார்கள். அவர்களுடைய கேப்டன் ஒரு பெண். எல்லோரும் வெளியே வந்தாச்சா, கேஸ் மூடியாச்சா, பக்கத்து வண்டியை நகர்த்த முடியுமா என்று மூன்றே கேள்வி. பதில் சொன்னது நான். தண்ணீர் அடித்து முடித்தபோது டிரெய்லரில் சக்கரமும் அடிச்சட்டமும்தான் நின்றன. எப்படிப் பிடித்தது என்று அந்தப் பெண் அப்போதுதான் கேட்டாள்.

ஜம்புநாதன் கையை நீட்டி என் மேஜையைக் காட்டினார். "ஓப்பன் ஃப்ளேம். அந்த விளக்குகள்."

என் வீட்டுக்காரரை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஜம்புநாதனின் பெண்ணைக் காப்பாற்றிய கை அது. அந்த நேரத்தில் அவர் என் விளக்கைக் காட்டுகிறார். என் மணல் டிரேயில் இருபத்தேழும் அசையாமல் எரிந்துகொண்டிருந்தன. ஆம்புலன்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரியில் இருபத்தோரு நாள். தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் வைத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு கையிலும் கட்டு. பதினொரு வாரம் நான்தான் ஊட்டினேன். ஒவ்வொரு வாய்க்கும் ஜம்புநாதனை ஒரு திட்டு. "அந்தப் பாவி நல்லா இருப்பானாங்க? பொண்ணக் காப்பாத்தினவன் பொண்டாட்டி மேல பழி போட்டானே, அவன் வாய் வெளங்குமா?" என்பேன். இவர் மென்று விழுங்குவார். "உடு சாந்தா. நடந்தது நடந்து போச்சு" என்பார். எப்பேர்ப்பட்ட மனசு என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும். அந்தக் கோபத்துக்கு இன்னும் இரண்டு திட்டு சேர்த்துத் திட்டுவேன்.

பொங்கல் விழாவில் இவருக்கு மேடையில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். கட்டுப் போட்ட கையோடு போய் வாங்கினார், எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதே விழாவில் அரை மணி நேரத்துக்கு முன்னால் ஜம்புநாதன் சேஃப்டி மொமெண்ட் கொடுத்திருந்தார். தலைப்பு, திறந்த நெருப்பு. ஸ்லைடில் என் மேஜை, என் விளக்குகள். பேர் மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்ன? பிள்ளைகள் என்னை 'விளக்கு ஆன்ட்டி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நவராத்திரிக்கு ஒரு வீட்டில் நான் குத்துவிளக்குப் பக்கத்தில் போனபோது, "ஆன்ட்டி, நீங்க இருங்க, நான் ஏத்தறேன்" என்று தீப்பெட்டியை என் கையிலிருந்து வாங்கிவிட்டாள் ஒருத்தி. சிரித்துக்கொண்டுதான் வாங்கினாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அடுத்த நாளிலிருந்து என் வீட்டு சாமி விளக்கை ஏற்றும்போதுகூடக் கையைப் பின்னுக்கு இழுத்துச் சுற்றிலும் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். நாற்பத்தெட்டு வயது வரைக்கும் விளக்கேற்றிய கை.

என் தொழிலே பேப்பர் கேட்டு வாங்குவதுதான். தீ விபத்து நடந்த ஊர் மாவட்டத்துத் தீ விசாரணை அதிகாரிக்கு முதல் கடிதம் பிப்ரவரியில் எழுதினேன். விசாரணை முடியவில்லை என்றார்கள். மாதாமாதம் போன் போட்டேன். அந்த ஆபீஸ் பெண்மணிக்கு என் குரல் பழகிப்போய், "குட் மார்னிங், மிஸ் சாந்தா" என்று அவளே சொல்வாள். அக்டோபர் கடைசியில் ரிப்போர்ட் வந்தது. ஆட்களின் பேரையெல்லாம் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள். மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

பன்னிரண்டு பக்கத்தில் நான் தேடியது நாலாம் பக்கத்தில் இருந்தது. வெளியே எரிந்த விளக்குகளுக்கும் தீக்கும் சம்பந்தமில்லை. தீ டிரெய்லருக்குள்ளே, சாப்பாட்டு பெஞ்சுக்கு அடியில் பிடித்திருக்கிறது. அங்கே ஒரு டிரான்ஸ்ஃபார்மர். அதில் மாவரைக்கும் மெஷின். சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்பதற்காக இரண்டையும் சேர்த்து ஒரு கம்ஃபர்ட்டரால், அதாவது பஞ்சு வைத்த தடிமனான போர்வையால், மூடியிருக்கிறார்கள். சூட்டில் கம்ஃபர்ட்டர் பற்றிக்கொண்டது. அப்படி மூடியதாக ஓர் ஆண், அதிகாரியிடம் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். அவர் பேர் இருந்த இடத்தில் கறுப்புக் கட்டம்.

சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன். சேஃப்டி இன்ஜினியர். ஏணியில் ஏற மூன்று ஸ்லைடு போடுகிற மனுஷர், கொதிக்கிற டிரான்ஸ்ஃபார்மருக்குப் போர்வை போர்த்தியிருக்கிறார். அவர் வண்டி, அவர் கராஜிலிருந்து வந்த கிரைண்டர், அவர் வீட்டு மாமி ஊறப்போட்ட உளுந்து. அந்தக் கறுப்புக் கட்டத்துக்குள் வேறு யாராவது இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதிகாரியிடம் உண்மையை ஒப்புக்கொண்டுவிட்டு, ஊரில் என் விளக்கை ஸ்லைடு போட்டுக் காட்டியிருக்கிறார் பாருங்கள். அன்றைக்கு இரவு ஒரு வருஷத்துக்கு அப்புறம் நன்றாகத் தூங்கினேன்.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொன்னால் 'உடு சாந்தா' என்பார். விடுகிற மனநிலையில் நான் இல்லை.

அடுத்த கார்த்திகை டிசம்பரில் வந்தது. மறுநாள் சனிக்கிழமை, கம்யூனிட்டி ஹாலில் பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவது. நான் ஜம்புநாதனுக்குப் போன் போட்டேன்.

"ஜம்பு சார், இந்த வாட்டி சேஃப்டி மொமெண்ட் நான் பண்றனுங்க."

"எதப் பத்தி பேசப் போறேள்?"

"கேம்ப்ல நெருப்புப் பிடிச்சா என்ன பண்றதுன்னு."

"அது எதுக்கு இப்போ? முடிஞ்சு போன கதை, சாந்தாமணி."

"உங்களுக்கு முடிஞ்சிருச்சுங்க சார்."

அவர் பெருமூச்சு விட்டது போனில் கேட்டது. பயந்துவிட்டார் என்று நினைத்து எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

சனிக்கிழமை ஹாலில் எழுபது எண்பது பேர். நான் மைசூர் சில்க் கட்டிக்கொண்டு போனேன். வீட்டுக்காரர் மூன்றாவது வரிசை. நான் மேடையேறி, கேஸை எப்படி மூடுவது, பிரேக்கரை எப்படித் தள்ளுவது என்று இரண்டு நிமிஷம் ஒழுங்காகப் பேசினேன். பிறகு ரிப்போர்ட்டின் நாலாம் பக்கத்தைத் திரையில் போட்டேன். திரும்பிப் பார்த்தபோது இவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தார். பாத்ரூம் போகிறார் என்று நினைத்தேன்.

"இங்கிலீஷ் எனக்குச் சரியா வராதுங்க. ஜம்பு சார் வந்து படிச்சா எல்லாருக்கும் நல்லாப் புரியும்" என்றேன். எனக்கு இங்கிலீஷ் வராதாம். அந்த ரிப்போர்ட்டையே இங்கிலீஷில் கடிதம் எழுதி வாங்கியவள் நான்.

ஜம்புநாதன் வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். முகம் தொங்கிவிட்டது. மைக்கை மூடிக்கொண்டு என்னிடம், "வேண்டாம், சாந்தாமணி. நான் கெஞ்சிக் கேட்டுக்கறேன்" என்றார்.

"படிங்க சார்."

படித்தார். விளக்குகளுக்கும் தீக்கும் சம்பந்தமில்லை என்ற வரியை அவர் படித்தபோது ஹாலில் ஒரு சலசலப்பு. என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனால் எனக்கு அது போதவில்லை. இன்னும் கீழே இருக்கிறது, படியுங்கள் என்றேன். டிரான்ஸ்ஃபார்மர் வந்தது, மாவரைக்கும் மெஷின் வந்தது, கம்ஃபர்ட்டர் வந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கறுப்புக் கட்டம் வந்ததும் நிறுத்திவிட்டார்.

"அந்தக் கட்டத்துக்குள்ள யாருங்க சார்? நீங்களே சொல்லிடுங்க" என்றேன். "உங்க பொண்ணுக்காகக் கையைக் கருக்கிக்கிட்டவர் அங்க உக்காந்திருக்காரு. அவரப் பாத்துச் சொல்லுங்க. ஒரு வருஷமா என் மேல போட்ட பழிய இப்ப எடுங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையைப் பார்த்தார். பிறகு, "தப்பு என்னோடதுதான்" என்று மெதுவாகச் சொன்னார்.

ஜெயித்துவிட்டேன். அந்த ஒரு கணம் எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"நோ." பக்கவாட்டிலிருந்து தீக்ஷா எழுந்து வந்தாள். பதினேழு வயது, கன்னத்தின் ஓரத்தில் இன்னும் சின்னத் தழும்பு. அழுதுகொண்டிருந்தாள். "அப்பா, ஸ்டாப். ஒய் ஆர் யூ லையிங்?"

"தீக்ஷா, நீ போய் உக்காரு."

"நோ. ஆன்ட்டி, இட் வாஸ்ண்ட் மை டாட். அப்பா லேக்ல இருந்தாரு. வெங்கட் அங்கிள்தான் கிரைண்டர உள்ள கொண்டு வந்தாரு. ஐ வாஸ் தேர். கம்ஃபர்ட்டர் என்னோடது. கேன் ஐ பாரோ இட்னு என்கிட்ட கேட்டாரு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அங்கிள் மேல எனக்குக் கோபம் இல்ல. ஹி சேவ்ட் மை லைஃப். பட் அப்பாவ ஏன் இப்படி பண்றீங்க?"

நான் அபயாம்பாள் மாமியைப் பார்த்தேன். மாமி தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான் வடைக்கு அரைச்சுத் தர முடியுமான்னு வெங்கட்டக் கேட்டேன்" என்றாள். "பொங்கல் முடிஞ்சு கட்டுப் போட்ட கையோட எங்காத்துக்கு வந்து, வெங்கட் இவர் கையைப் பிடிச்சுக்க முடியாம அழுதார். வெளக்குன்னே இருக்கட்டும், சாந்தாகிட்ட சொல்லிடாதீங்கோன்னு. எங்க கொழந்தைய உயிரோட குடுத்தவர் கேட்டா நாங்க என்ன பண்றது?"

கேடயம் வாங்கியபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டியது ஞாபகம் வந்தது. நானும்தான் தட்டினேன், கை வலிக்கத் தட்டினேன். மாமி 'தீக்ஷா' என்று சொல்லி முடிக்கும் முன் இவர் ஏன் ஓடினார் என்பது அப்போதுதான் புரிந்தது. உள்ளே என்ன எரிகிறது என்று அங்கே தெரிந்த ஒரே ஆள் இவர்தான். அதிகாரியிடம் உண்மையைச் சொன்னவருக்கு, வாயில் சோறு வைத்தவளிடம் சொல்ல வாய் வரவில்லை. பதினொரு வாரம் ஒவ்வொரு வாய்க்கும் நான் அந்த மனுஷரைத் திட்டத் திட்ட, விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தீப்பெட்டியை என் கையிலிருந்து பிடுங்கிய கதையைச் சொல்லி நான் அழுதபோதும், 'உடு சாந்தா'.

ஜம்புநாதனிடம் திரும்பினேன். "வெளக்கு ஸ்லைடு போட்டதும் அவர் சொல்லித்தானுங்களா?"

"இல்ல. அது நான் பண்ணினது" என்றார். "பொங்கல் சமயத்துல எனக்கு நெஜம் தெரியாது. வெளக்குதான்னு நம்பினேன். தெரிஞ்சப்பறம் மாத்திச் சொல்ல தைரியம் வரல."

"உங்களுக்குத் தனியா ஒரு நாள் இருக்குதுங்க சார். இன்னைக்கு இல்ல" என்று அவர் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டேன்.

மேடையிலிருந்து இறங்கி மூன்றாவது வரிசைக்குப் போனேன்.

"ஏனுங்க, எந்திரிங்க" என்றேன்.

"சாந்தா, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்." அவர் கண் கலங்கியிருந்தது. "பேரு கெட்டுப் போயிடும்னு பயந்துட்டேன். எல்லாரும் ஹீரோன்னு சொன்னாங்க. அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"என் பேரு கெட்டுச்சே, அது தெரிஞ்சுதுங்களா?"

அவர் தன் விரல்களைப் பார்த்தார்.

"வீட்ல நான் ஒருத்திதான் இருக்கேன். என்னை விளக்கு ஆன்ட்டின்னு கூப்பிடறவங்க எல்லாம் இங்கதான் இருக்காங்க. எந்திரிங்க."

எழுந்தார். மைக்கை நீட்டினேன். அவர் விரல்கள் இன்னும் முழுசாக மடங்காது. மைக் வழுக்கியது, இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்தார். வேறொரு நாளாக இருந்தால் நான் பிடித்திருப்பேன். அன்றைக்குப் பிடிக்கவில்லை.

"தீ வெளக்கால பிடிக்கல" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"கடைசி வரிசைக்குக் கேக்கலீங்க."

"தீ வெளக்கால பிடிக்கல. நான்தான் கிரைண்டரப் போட்டேன். நான்தான் போர்வையப் போத்தினேன். எனக்கு அன்னைக்கே தெரியும்."

"யாரோட வெளக்குன்னு சொல்லுங்க."

"என் பொண்டாட்டியோட."

"பேரு இருக்குதுங்க எனக்கு."

அவர் என்னைப் பார்த்தார். போதும் என்று அந்தக் கண் கேட்டது. இருபத்து நாலு வருஷம் கூடக் குடித்தனம் செய்தவள், எனக்கா புரியாது? நான் அசையவில்லை.

"சாந்தாமணி" என்றார். "சாந்தாமணியோட வெளக்கால தீ பிடிக்கல."

நான் கேட்ட வாக்கியம் கேட்ட மாதிரியே வந்துவிட்டது. எந்த வாயிலிருந்து வரும் என்பதில்தான் தப்புக் கணக்குப் போட்டுவிட்டேன். யாரோ ஒரு பெண் வந்து என் தோளைத் தொட்டாள், மாமி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்தாள், சாப்பாட்டை ஆரம்பிக்கலாமா என்று பின்னால் யாரோ தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். நான் இவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். இவர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றுகொண்டே இருந்தார். உட்காருங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.